சிறிய மருத்துவமனை ஓ.டி.யில் (அறுவை அரங்கில்) கரிம வெளியீட்டைக் குறைக்க எங்கே தொடங்குவது? நைட்ரஸ், மயக்க மருந்து, ஏசி, குப்பை

நிர்வாகம்_திண்டுக்கல்:

வணக்கம். 120 படுக்கை, 3 ஓ.டி. உள்ள தனியார் மருத்துவமனைக்காகக் கேட்கிறேன். மாதம் 200 சுற்றில் அறுவை சிகிச்சை. பாதிக்கு மேல் ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது). சுற்றுச்சூழல் திட்டம் என்று டிரஸ்டிகள் முன் வைத்திருக்கும் பட்டியல் இது: மாடியில் 10 கிலோவாட் சோலார், எல்இடி விளக்கு, வளாகத்தில் மரக்கன்று, கேன்டீனில் பேப்பர் கப். ஓ.டி. பற்றி அதில் ஒரு வரி இல்லை.

உலக அளவில் மொத்த வெளியீட்டில் மருத்துவத் துறையின் பங்கு 4.4 சதவீதம் என்ற 2019 மதிப்பீடு பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு மருத்துவமனைக்குள் அது எந்த இடத்தில் உற்பத்தியாகிறது? கையில் பணம் குறைவு. முதல் ஆறு மாதத்தில் எதைத் தொட்டால் நிஜமான பலன் கிடைக்கும்? ஆக்சிஜன், நைட்ரஸ், வேக்கம் மூன்றும் பைப்லைனில் வருகின்றன. மெடிக்கல் ஏர் (சுத்திகரித்த அழுத்தக் காற்று) ஒரு ஓ.டி.க்கு மட்டும் உண்டு.

மயக்கவியல்_மதுரை:

சார், உங்கள் கேள்விக்கான விடை மேனிஃபோல்டு அறையில் (சிலிண்டர்களைப் பைப்லைனோடு இணைக்கும் அறை) இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவில் தொடங்குங்கள்.

1 கிலோ நைட்ரஸ் வளிமண்டலத்தில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நூறு ஆண்டுக்கு மேல் அங்கேயே தங்கும். ஓசோனையும் அரிக்கும். நோயாளியின் உடலில் அது மாறுவதே இல்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வரும். ஸ்கேவெஞ்சிங் (கழிவு வாயுவை வெளியேற்றும் அமைப்பு) இருக்கிறதே என்பார்கள். அது ஊழியர்களின் மூக்குக்குப் போகாமல் குழாய் வழியே மொட்டை மாடிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் நைட்ரஸ், ஒரு மணி நேரம்: 180 லிட்டர். அறை வெப்பத்தில் 1 கிலோ நைட்ரஸ் சுமார் 545 லிட்டர் வாயு. ஆக 0.33 கிலோ, அதாவது 90 கிலோ கார்பன் சமானம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ சுற்றில் என்று வைத்தால், 1 கிலோவாட் சோலார் பேனல் ஒரு மாதம் உழைத்து மிச்சப்படுத்துவதை ஒரு மணி நேர நைட்ரஸ் தின்றுவிடுகிறது.

மேனிஃபோல்டில் மாட்டும் பெரிய சிலிண்டரில் சுமார் 30 கிலோ இருக்கும். அது 8 டன்னுக்கு மேல். ஒரே ஒரு சிலிண்டர் கசிந்து காலியானால், நீங்கள் போடப்போகும் 10 கிலோவாட் சோலாரின் ஒன்பது பத்து மாத உழைப்பு போச்சு. சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் போடுங்கள். ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டுப் போடுங்கள்.

சர்ஜன்_திருச்சி:

டாக்டர், 3 லிட்டர் நைட்ரஸ் இப்போது யார் கொடுக்கிறார்கள்? பெரும்பாலான மயக்கவியலாளர்கள் ஆக்சிஜன்–ஏர் கலவைக்கு மாறிவிட்டார்கள். பயன்பாடே குறைந்த வாயுவைத் துரத்துவதில் என்ன பலன்?

கேஸ்லைன்_கோவை:

பயன்பாடு குறைந்ததுதான் பிரச்சினையின் மையமே, சார். நோயாளிக்குப் போவது குறைந்துவிட்டது. வாங்குவது அந்த அளவுக்குக் குறையவில்லை. இடையில் உள்ளதெல்லாம் கசிவு. ஸ்காட்லாந்தில் லோதியன் பகுதி மருத்துவமனைகளில் இதைத் தோண்டியபோது, பைப்லைன் நைட்ரஸில் மிகப் பெரும்பகுதி எந்த நோயாளிக்கும் போய்ச் சேரவில்லை என்பது வெளிவந்தது. அதன்பின் பிரிட்டனில் பல மருத்துவமனைகள் மேனிஃபோல்டையே மூடின. 2024-ல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கமும் மையப் பைப்லைன் நைட்ரஸை நிறுத்தச் சொல்லிவிட்டது.

திண்டுக்கல் சார், தணிக்கைக்குச் செலவே கிடையாது. இரண்டு எண் போதும்.

முதல் எண், வாங்கியது: ஸ்டோர் பதிவேட்டில் கடந்த 12 மாதம் வந்த நைட்ரஸ் சிலிண்டர் எண்ணிக்கை × ஒன்றில் உள்ள கிலோ. பில்லில் எடை இல்லாவிட்டால் சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் எண், கொடுத்தது: மயக்கவியல் சார்ட்டில் நைட்ரஸ் ஓடிய நிமிடங்கள் × லிட்டர். ஒரு மாதச் சார்ட்டை எடுத்தால் போதும், 12-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு: மாதம் 4 பெரிய சிலிண்டர், அதாவது 120 கிலோ வாங்குகிறார்கள். நைட்ரஸ் கொடுத்தது 60 கேஸ் (அறுவை), சராசரி ஒரு மணி நேரம், நிமிடத்துக்கு 1.5 லிட்டர். மொத்தம் 5,400 லிட்டர், அதாவது 10 கிலோ. மீதி 110 கிலோ எங்கே? மாதம் 30 டன் சமானம் காற்றில் போகிறது. அதற்குப் பணமும் கட்டுகிறார்கள்.

நிர்வாகம்_திண்டுக்கல்:

மேனிஃபோல்டு ஆபரேட்டரிடம் விசாரித்தேன். சிலிண்டர் கேஜில் முள் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது, அதனால் கசிவு இல்லை என்கிறார்.

கேஸ்லைன்_கோவை:

ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்துப் பழகிய கண் அது. ஆக்சிஜன் வாயுவாகவே அடைபட்டிருக்கும்; பாதி காலியானால் முள்ளும் பாதிக்கு இறங்கும். நைட்ரஸ் உள்ளே திரவம். திரவம் ஒரு சொட்டு மிச்சமிருக்கும் வரை மேலே உள்ள ஆவியின் அழுத்தம் மாறாது. 20 டிகிரியில் 50 பார் சுற்றில் அப்படியே நிற்கும். நம்மூர் மே மாத வெயிலில் மேனிஃபோல்டு அறை 35 டிகிரியைத் தாண்டினால் முள் இன்னும் மேலேதான் ஏறும். திரவம் தீர்ந்த பிறகுதான் சரசரவென்று விழும். அப்போது சிலிண்டரில் கால் பங்குகூட இருக்காது.

எனவே எடை போடுவது ஒன்றே வழி. சிலிண்டரின் தோள்பட்டையில் காலி எடை பொறித்திருக்கும். பிளாட்ஃபார்ம் தராசில் நிறுத்தி, காலி எடையைக் கழித்தால் மிச்சம் தெரியும். வரும்போது ஒருமுறை, திருப்பி அனுப்பும்போது ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள். திரும்பிப்போகும் சிலிண்டரில் நாலைந்து கிலோ இருப்பதும் இதில் அம்பலமாகும். அதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாயு.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, அறுவை சிகிச்சை இல்லாத ஞாயிறு ஒன்று தேர்ந்தெடுங்கள்:

1. எல்லா மெஷின்களின் நைட்ரஸ் ஹோஸையும் அவுட்லெட்டிலிருந்து கழற்றுங்கள். மூன்று ஓ.டி.யிலும் நைட்ரஸ் வேண்டாம் என்று எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய பிறகே இந்த வேலை.
2. லைன் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 பார் சுற்றில் இருக்கும்.
3. மேனிஃபோல்டிலிருந்து லைனுக்குப் போகும் வால்வை மூடுங்கள். இனி லைனுக்குள் புதிதாக வாயு வராது.
4. ஒவ்வொரு ஓ.டி.க்கும் வெளியே உள்ள ஏரியா வால்வுகளையும் மூடுங்கள். இப்போது லைன் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது.
5. நான்கு மணி நேரம் கழித்து ஒவ்வொரு துண்டிலும் அழுத்தத்தைப் பாருங்கள். எந்தத் துண்டு இறங்கியதோ அங்கே ஓட்டை.

லைன் நன்றாக நின்றும் சிலிண்டர் எடை குறைகிறதென்றால் மேனிஃபோல்டிலோ, கழற்றி வைத்த மெஷின் ஹோஸிலோ கசிகிறது. அடிக்கடி கசியும் இடங்கள்: சிலிண்டரை மேனிஃபோல்டோடு இணைக்கும் பிக்டெயிலின் வாஷர், ரெகுலேட்டரின் ரிலீஃப் வால்வு, சுவர் அவுட்லெட்டின் ஓ-ரிங், மெஷின் ஹோஸின் கிரிம்ப். பழைய கட்டடமாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். முன்பு ஓ.டி.யாக இருந்து இப்போது ஸ்டோர் ரூமாகிவிட்ட அறையில் நைட்ரஸ் அவுட்லெட் ஒன்று அலமாரிக்குப் பின்னால் உயிரோடு இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளம்பரைக் கூப்பிடாதீர்கள். நைட்ரஸ், ஆக்சிஜனைப் போலவே தீயை வளர்க்கும் வாயு. எண்ணெய், கிரீஸ், சாதாரண டெஃப்லான் டேப், பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர் எதுவும் அருகே போகக்கூடாது. ஆக்சிஜன் லைனுக்கு ஏற்ற கசிவுச் சோதனைத் திரவம் மட்டும்.

மயக்கவியல்_மதுரை:

கசிவைக் கண்டுபிடித்து அடைப்பது பாதி வேலை. ஓ-ரிங் மறுபடி தேயும். முடிந்தால் பைப்லைனை மூடிவிட்டு, தேவைப்படும் கேஸுக்கு மெஷினில் மாட்டும் சிறிய சிலிண்டருக்கு மாறுங்கள். கேஸ் முடிந்ததும் ஸ்பேனரால் சிலிண்டர் வால்வை மூடவேண்டும். ஃப்ளோமீட்டரை மட்டும் மூடினால் போதாது, யோக்கில் (சிலிண்டரை மெஷினில் மாட்டும் பிடி) கசியும்.

சர்ஜன்_திருச்சி:

நைட்ரஸ் நின்றால் செவோஃப்ளுரேன் (மூச்சு வழி தரும் மயக்க மருந்து, சுருக்கமாகச் செவோ) செலவு கூடுமே? அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுதானே. ஒரு பக்கம் குறைத்து மறு பக்கம் ஏற்றுவதாகாதா?

மயக்கவியல்_மதுரை:

நியாயமான கேள்வி டாக்டர். 50 சதவீத நைட்ரஸ் கொடுத்தால் செவோ தேவை ஏறக்குறைய பாதியாகும் என்பது உண்மை. ஒரு மணி நேரத்துக்கு எண்ணாகப் பார்ப்போம்.

செவோ திரவச் செலவுக்குக் கைக்கணக்கு: 3 × ஃப்ரெஷ் கேஸ் ஃப்ளோ (மெஷினிலிருந்து புதிதாக வரும் வாயு, நிமிடத்துக்கு லிட்டர்) × டயல் சதவீதம் = ஒரு மணி நேரத்துக்கு மி.லி. செவோவின் மடங்கு (கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டு) 195 சுற்றில், 1 மி.லி. எடை 1.5 கிராம்.

முதல் வழி: மொத்த ஃப்ளோ 1 லிட்டர், அதில் பாதி நைட்ரஸ், செவோ 1.2 சதவீதம். நைட்ரஸ் 30 லிட்டர், அது 15 கிலோ சமானம். செவோ 3.6 மி.லி., 1 கிலோ சமானம். மொத்தம் 16.

இரண்டாம் வழி: 1 லிட்டர் ஆக்சிஜன்–ஏர், செவோ 2 சதவீதம். செவோ 6 மி.லி., 1.8 கிலோ சமானம். வேறொன்றும் இல்லை.

செவோ கூடியது 0.8 கிலோ; நைட்ரஸ் போனது 15 கிலோ. வலிக்கு ஃபென்டனில், நெர்வ் பிளாக், பாரசிட்டமால் இருக்கின்றன. நைட்ரஸ் இல்லாததால் வாந்தியும் குறையும்.

ஆனால் இதே செவோவை 6 லிட்டர் ஃப்ளோவில் விட்டால் 36 மி.லி., 11 கிலோ சமானம். 250 மி.லி. பாட்டில் ஏழு மணி நேரத்தில் காலி. அடுத்த வேலை ஃப்ளோவைக் குறைப்பதுதான்.

டெஸ்ஃப்ளுரேன் என்ற இன்னொரு மயக்க மருந்தை யாராவது கேட்டால் வாங்காதீர்கள். மடங்கு 2,500-க்கு மேல். 1 லிட்டர் ஃப்ளோவில் 6 சதவீதம் கொடுத்தாலே மணிக்கு 65 கிலோ. ஸ்காட்லாந்து 2023-ல் நிறுத்தியது; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல் மருத்துவரீதியாகத் தவிர்க்க முடியாத கேஸுக்கு மட்டுமே அனுமதி.

ஓடிடெக்_சேலம்:

லோ ஃப்ளோ என்று சொன்னவுடன் எல்லா மெஷினிலும் ஃப்ளோவைக் குறைத்துவிடக் கூடாது. பாயில்ஸ் மெஷினில் (பழைய வகை மயக்க மெஷின்) பெய்ன் சர்க்யூட் (ஒரு வகைச் சுவாசக் குழாய்) போட்டிருந்தால் அங்கே சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் மணிகள்) கிடையாது. வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடைத் துடைத்து அனுப்புவதே அந்த ஃப்ளோதான். குறைத்தால் நோயாளி தன் மூச்சையே திரும்ப இழுப்பார். குழந்தைகளுக்குப் போடும் ஜாக்சன்-ரீஸும் அப்படியே.

லோ ஃப்ளோவுக்குக் கட்டாயம் வேண்டியவை: சர்க்கிள் சர்க்யூட் (வெளிமூச்சைச் சுத்தம் செய்து திரும்ப அனுப்பும் குழாய் அமைப்பு), நல்ல சோடா லைம், உள்மூச்சு ஆக்சிஜன் அளவி, கேப்னோகிராஃப் (மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டுவது), மயக்க வாயு அனலைசர். கடைசியது இல்லாவிட்டால் 2 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள். டயலில் 2 என்று இருக்கும், நோயாளிக்கு எவ்வளவு போகிறதென்று தெரியாது.

காலையில் லீக் டெஸ்ட். 30 செ.மீ. நீர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 100 மி.லி.க்கு மேல் போனால் அன்று 1 லிட்டருக்குக் கீழே வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி சோடா லைம் கேனிஸ்டரின் ரப்பர் வளையம்: கேனிஸ்டரை மாற்றும்போது ஒரு மணித்துகள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். அடுத்த குற்றவாளி கேஸ் சாம்பிள் லைன் (அளவிக்கு வாயுவை எடுத்துச் செல்லும் சிறு குழாய்). நிமிடத்துக்கு 200 மி.லி. வரை உறிஞ்சும். அந்த எக்ஸாஸ்டைச் சர்க்யூட்டுக்கே திருப்பிவிடும் வசதி இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த 200-ஐக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சோடா லைம் நிறத்தை எப்போது பார்ப்பது? கேஸ் முடியும் தருவாயில். ஊதாவாக மாறும் வகை, இரவெல்லாம் சும்மா இருந்தால் மறுபடி வெளுத்துவிடும். காலையில் பார்த்தால் புதிது போலிருக்கும், பத்தாவது நிமிடம் உள்மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். இளஞ்சிவப்பிலிருந்து வெள்ளையாகும் வகையும் சந்தையில் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கினால் ஊழியர் குழம்புவார்கள். ஒரே வகையை வாங்குங்கள். தேதி பார்த்து மாற்றாமல், உள்மூச்சுக் கார்பன் டை ஆக்சைடு 4-5 மி.மீ. மெர்க்குரியைத் தொட்டால் மாற்றுங்கள். லோ ஃப்ளோவில் சோடா லைம் சீக்கிரம் தீரும். அதற்குக் கூடுதலாகச் செலவாவது, செவோவில் மிச்சமாவதைவிடக் குறைவு.

சனிக்கிழமை மாலை ஆக்சிஜன் ஃப்ளோவை மூடாமல் போனால் திங்கள் காலைக்குள் சோடா லைம் காய்ந்துவிடும். காய்ந்ததன் மேல் மயக்க வாயு பட்டால் சூடேறும், கார்பன் மோனாக்சைடு உருவாகும். அப்படி நடந்திருந்தால் நிறம் எப்படியிருந்தாலும் அப்படியே கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

மயக்கவியல்_மதுரை:

சேலம் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஓட்டும் முறையை மட்டும் நான் சேர்க்கிறேன்.

இன்டக்ஷன் (மயக்கத்தைத் தொடங்குவது) முடிந்து, மூச்சுக்குழாயில் டியூப் போட லாரிங்கோஸ்கோப் எடுக்கும்போது வழக்கமாக வேப்பரைசரை (மயக்க மருந்தை ஆவியாக்கும் கருவி) மூடுவார்கள், 6 லிட்டர் ஃப்ளோ மாஸ்க் வழியே அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள்: வேப்பரைசர் இருந்தபடி இருக்கட்டும், ஃப்ளோவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்குங்கள். சர்க்யூட்டில் நிரம்பியது அப்படியே நிற்கும். டியூப் போட்டதும் ஃப்ளோவை ஏற்றுவது செக்லிஸ்டில் ஒரு வரியாக இருக்கட்டும், உதவியாளர் உரக்கச் சொல்லட்டும்.

பிறகு 4 லிட்டரில் ஐந்து முதல் எட்டு நிமிடம். எண்ட்-டைடல் (வெளிமூச்சின் முடிவில் உள்ள) செவோ வேண்டிய அளவைத் தொட்டதும் 1 லிட்டருக்கு இறக்குங்கள். நோயாளி நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜனை எடுத்துக்கொள்வார், அதனால் நீங்கள் 50 சதவீதம் அனுப்பினாலும் உள்மூச்சில் அதைவிடக் குறைவாகவே காட்டும். ஆக்சிஜன் அலாரத்தை 30 சதவீதத்தில் வையுங்கள், தேவைக்கேற்ப ஆக்சிஜனைக் கூட்டுங்கள்.

புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 1 லிட்டரில் டயலை 2-லிருந்து 3-க்குத் திருப்பினால் நோயாளிக்கு உடனே போய்ச் சேராது. சர்க்யூட் கொள்ளளவே 5-6 லிட்டர். உடனே ஆழம் வேண்டுமென்றால் ஃப்ளோவை ஒரு நிமிடம் ஏற்றுங்கள், அல்லது புரோபோஃபால் (ரத்தக்குழாய் வழி தரும் மயக்க மருந்து) சிறிது ஊசியில். முடிவில், தையல் போடும் நேரத்தில், ஃப்ளோவை ஏற்றாமல் வேப்பரைசரை மட்டும் மூடுங்கள். கடைசித் தையலுக்குப் பிறகு முழு ஆக்சிஜன் 6 லிட்டர்.

செவோவும் குறைந்த ஃப்ளோவும் சேர்ந்தால் காம்பவுண்ட் ஏ (சோடா லைமில் செவோ சிதைந்து உருவாகும் நச்சு) வரும் என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இல்லாத, சோடியம் ஹைட்ராக்சைடு குறைந்த சோடா லைமில் அது கவலைப்படும் அளவுக்கு உருவாவதில்லை. வாங்கும்போது டப்பாவின் மேல் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள்.

லேப்_தூத்துக்குடி:

லேப்பரோஸ்கோப்பிக்கு வயிற்றில் நிரப்பும் கார்பன் டை ஆக்சைடையும் குறைக்க வேண்டுமா?

மயக்கவியல்_மதுரை:

வேண்டாம். 50 லிட்டர் போனாலும் 100 கிராம்கூட வராது. அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஏஹெச்யூ_சென்னை:

மின்சாரத்துக்கு வருவோம். ஓ.டி. ஏசிதான் கட்டடத்தில் பெரிய தீனிக்காரன். என்ஏபிஹெச் (மருத்துவமனைத் தரச்சான்று வாரியம்) வழிகாட்டலில் ஓ.டி.க்கு மணிக்குக் குறைந்தது 20 காற்று மாற்றம், 2.5 பாஸ்கல் பாசிட்டிவ் அழுத்தம், பொது ஓ.டி.க்கு 21 டிகிரி, கூட்டல் கழித்தல் 3. இரவிலும் ஏஹெச்யூ (ஓ.டி.க்குக் காற்று அனுப்பும் அமைப்பு) ஊதியை முழுக்க நிறுத்தக்கூடாது. ஆனால் வெப்பக் கட்டுப்பாடு தேவையில்லை, விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு வேகத்தைக் குறைக்கலாம். இந்தப் பின்பாதியைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லை.

ஊதியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும். 50 சதவீதமாக்கினால் ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு. நடைமுறையில் மோட்டார், டிரைவ் இழப்பு சேர்ந்து அவ்வளவு இறங்காது, ஆனாலும் பெரிய மிச்சம். மாலை 6-லிருந்து காலை 6 வரை கேஸ் இல்லாத ஓ.டி.யில் இது நேரடி லாபம்.

முறை: கதவை மூடி, சுவரில் உள்ள அழுத்தமானியைப் பார்த்தபடி வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். 2.5 பாஸ்கலுக்கு வரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் இரவு வேகம். 50 என்று ஏட்டில் பார்த்து வைக்காதீர்கள். கதவிடுக்கு ரப்பர் தேய்ந்திருந்தால் 70-க்குக் கீழேயே போக முடியாது. முதலில் ரப்பரை மாற்றுங்கள், செலவு அற்பம். காலையில் முதல் கேஸுக்கு 30 நிமிடம் முன்பு முழு வேகம். 20 காற்று மாற்றத்தில் 99 சதவீதத் துகள் 14 நிமிடத்திலும், 99.9 சதவீதம் 21 நிமிடத்திலும் வெளியேறும். எனவே 30 நிமிடம் தாராளம். எமர்ஜென்சி எந்த நேரத்திலும் வரும் என்பதால், மூன்றில் ஒரு ஓ.டி. மட்டும் இரவிலும் முழு வேகத்தில் இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் கதவருகே ஒரே பட்டன்: அழுத்தினால் முழு வேகம்.

18 டிகிரிக்கு வைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். ஈரப்பதத்தை எடுக்க காயிலில் காற்றை நன்றாகக் குளிர்வித்து, பிறகு ஹீட்டரால் சூடாக்கி அனுப்பும் அமைப்பு கடலோர ஊர்களில் அதிகம். அங்கே ஒரே நேரத்தில் குளிருக்கும் சூட்டுக்கும் காசு கட்டுகிறீர்கள். ஹீட்டரின் ஹ்யூமிடிஸ்டாட் (ஈரப்பதத்தைப் பார்த்து இயக்கும் சுவிட்ச்) கெட்டுப்போய் நிரந்தரமாக ஆன் ஆகியிருப்பது சகஜம். கிளாம்ப் மீட்டர் வைத்து ஒரு நாள் பாருங்கள்.

அடுத்து, ஏசிக்குள் இருக்கும் குளிர்விப்பு வாயு. வருடா வருடம் டாப்-அப் செய்கிறார்கள் என்றால் வருடா வருடம் அவ்வளவும் காற்றில் போகிறது. ஆர்-410ஏ என்ற வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்கு மேல். 2 கிலோ நிரப்பினால் 4 டன் ஏற்கெனவே போயாயிற்று. கசிவைக் கண்டுபிடித்துப் பற்றவைக்காமல் நிரப்ப மாட்டோம் என்று ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புதிதாக வாங்கும் அலுவலக ஏசிக்கு ஆர்-32, 700 சுற்றில்.

தொற்றுத்தடுப்பு_சிஸ்டர்:

குப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். மருத்துவக் கழிவில் 85 சதவீதம் ஆபத்தில்லாத சாதாரணக் குப்பை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 85-ஐ மஞ்சள் பையில் (எரிக்கப் போகும் கழிவுக்கான பை) போட்டால் 800 டிகிரி, 1,050 டிகிரி என்று இரண்டு அறை இன்சினரேட்டரில் டீசல் ஊற்றி அட்டைப்பெட்டியை எரிக்கிறோம். எடைக்குக் காசு வாங்கும் நிலையமாக இருந்தால் அந்தக் காசும் நாமே கட்டுகிறோம்.

ஓ.டி.யில் தவறு நடக்கும் நேரம், நோயாளி உள்ளே வருவதற்கு முன்பு. டிராலி அடுக்கும்போது பிரிக்கும் கவர், அட்டை, சலைன் மேலுறை, கையுறை உள்பேப்பர் எதிலும் ரத்தம் படவில்லை. அந்த அரை மணி நேரத்துக்குச் சாதாரணக் குப்பைக் கூடையை மட்டும் டிராலியருகே வையுங்கள். மஞ்சளும் சிவப்பும் வெளியே இருக்கட்டும். தோலில் கத்தி வைக்கும்போது கூடையை வெளியே எடுத்து, மஞ்சள், சிவப்பை உள்ளே கொண்டுவரவும். கூடையின் மூடியில் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் இந்த இடமாற்றம் தரும் பலன் வராது.

2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி சிவப்புப் பையில் போவது: ஊசி நீக்கிய சிரிஞ்ச், ஐவி செட், கத்தீட்டர், யூரின் பை, கையுறை. இவை ஆட்டோகிளேவ் ஆகி, நறுக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகும். இதை மஞ்சளில் போட்டால் பிளாஸ்டிக் எரியும். பிவிசியாக இருந்தால் டையாக்சின் என்ற நச்சு. சிவப்பில் ஒரு ஊசி விழுந்தால், நறுக்கும் இடத்தில் நிற்பவர் கையில் குத்தும். உடைந்த ஆம்பூல், கண்ணாடி வயல் நீலப் பெட்டிக்கு. மிச்சப் புரோபோஃபாலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், நீர்வாழ் உயிர்களுக்கு விஷம். கழிவு மருந்தாக மஞ்சளில். 100 மி.லி. வயலுக்குப் பதில் 20 மி.லி. எடுத்தாலே கொட்டுவது குறையும்.

சர்ஜன்_திருச்சி:

சிஸ்டர், டிஸ்போசபிள் கவுன், டிரேப்பை விட்டுத் துணிக்குப் போகச் சொன்னால் தொற்று கூடாதா? எதிலும் சிக்கனம் பார்க்கலாம், இதில் முடியாது.

தொற்றுத்தடுப்பு_சிஸ்டர்:

கவலை சரியானது டாக்டர். பழைய பருத்தித் துணி நனைந்தால் கிருமியைத் தடுக்காது. நான் சொல்வது அதையல்ல. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் ரீயூசபிள் கவுன், தயாரிப்பாளர் சொன்ன துவைப்பு எண்ணிக்கை வரைதான். ஒவ்வொரு சலவைக்கும் ஓரத்தில் உள்ள கட்டத்தில் ஒரு குறி. கட்டம் நிறைந்தால் ஓ.டி.யிலிருந்து விலக்கு. லைட் டேபிளில் விரித்து ஓட்டை பாருங்கள். ரத்தம் அதிகம் வரும் கேஸுக்கு டிஸ்போசபிளே இருக்கட்டும். ஒருமுறைப் பயன்பாட்டுக்கென்று விற்கும் கருவியைத் துவைத்துத் திரும்பப் போடச் சொல்லவில்லை. அது வேறு விவகாரம்.

தொற்று பற்றிய கவலைக்கு அரவிந்த் கண் மருத்துவமனையின் உதாரணம் இருக்கிறது. 2017-ல் வெளியான ஆய்வில், அங்கே ஒரு ஃபேகோ (ஒலியலையால் கரைத்து எடுக்கும்) கண்புரை அறுவைக்குச் சுமார் 6 கிலோ கார்பன் சமானம், கால் கிலோ குப்பை. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் ஏறக்குறைய 5 சதவீதம். துணி கவுன், கருவிகளைக் குறுகிய சுழற்சியில் ஸ்டெரிலைஸ் செய்து சுழற்றுவது, சொட்டு மருந்துப் பாட்டிலைப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்துவது, ஒரே அறையில் அடுத்தடுத்து கேஸ். கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் செலுத்தத் தொடங்கிய பிறகு எண்டாப்தால்மிட்டிஸ் (கண்ணுக்குள் வரும் தொற்று) 0.07-லிருந்து 0.02 சதவீதத்துக்கு இறங்கியது. கண்புரையை வயிற்று அறுவைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் டிஸ்போசபிள்தான் தொற்றைத் தடுக்கும் ஒரே வழி என்பது நிற்காது.

நிர்வாகம்_திண்டுக்கல்:

எல்லோருக்கும் நன்றி. பைப்லைன் நைட்ரஸை நிறுத்த டிரஸ்டிகளிடம் முன்மொழியப் போகிறேன். என்ன வரிசையில் செய்வது? ஓ.டி.யை ஒரு நாள்கூட மூட முடியாது.

கேஸ்லைன்_கோவை:

மூட வேண்டியதில்லை, சார். முதல் மாதம் எடையும் சார்ட்டும் மட்டும். அந்த இரண்டு எண்ணை வைத்து மயக்கவியலாளர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் எதிர்த்தாலும் அடுத்த கட்டம் வேண்டாம், அவர் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். அதே மாதம் மெடிக்கல் ஏரை மற்ற இரண்டு ஓ.டி.க்கும் இழுக்கக் கொட்டேஷன் வாங்குங்கள். இது இல்லாமல் நைட்ரஸை நிறுத்தினால் 100 சதவீத ஆக்சிஜன்தான் ஓடும். நுரையீரல் அடிப்பகுதி சுருங்கும். உங்கள் மெஷின்களில் ஏர் ஃப்ளோமீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மாடலில் இருக்காது.

இரண்டாம் மாதம் ஒவ்வொரு மெஷினிலும் நைட்ரஸ் யோக் வேலை செய்கிறதா, பின் 3-5 (நைட்ரஸ் சிலிண்டர் மட்டும் பொருந்த வைக்கும் ஊசிகள்) நேராக இருக்கிறதா, சீல் வாஷர் புதிதா என்று சோதனை. வருடக்கணக்கில் சிலிண்டர் மாட்டாத யோக்கில் வாஷர் கல்லாகியிருக்கும். ஒரு மெஷினுக்கு ஒரு சிறிய சிலிண்டர், மூன்று ஓ.டி.க்கும் பொதுவாக ஒரு ஸ்பேர்.

மூன்றாம் மாதம், மேனிஃபோல்டில் இருப்பதைத் தீர்த்துவிட்டுப் புதிது மாட்டாதீர்கள். மிச்சத்தைக் காற்றில் திறந்துவிட வேண்டாம், சப்ளையருக்கு எடையோடு திருப்பி அனுப்புங்கள். வால்வை மூடிவிட்டு விடுவது போதாது. பின்னாளில் தெரியாதவர் திறப்பார். மேனிஃபோல்டுக்கும் லைனுக்கும் நடுவே குழாயைத் துண்டித்து இருபுறமும் மூடி போடவேண்டும், உரிமம் பெற்ற மருத்துவ வாயு ஒப்பந்ததாரர் மூலம். அவுட்லெட்டுகளுக்குப் பிளாங்கிங் பிளேட் (அடைப்புத் தகடு). நைட்ரஸ் குறை-அழுத்த அலாரத்தை அதே நாளில் பேனலிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் அடிக்கும், நர்சுகள் மொத்தப் பேனலையும் மியூட் செய்வார்கள், நிஜமாக ஆக்சிஜன் குறையும்போது யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் எல்லா ஓ.டி. அவுட்லெட்டிலும் ஆக்சிஜன் அனலைசர் வைத்து, ஆக்சிஜனில் ஆக்சிஜனும் ஏரில் 21 சதவீதமும் வருகிறதா என்று பார்த்து, மயக்கவியலாளர் கையெழுத்திட்ட பிறகே முதல் கேஸ்.

ஓடிடெக்_சேலம்:

சிறிய சிலிண்டருக்கு ஒரு அட்டை கட்டிவிடுங்கள்: மாட்டிய தேதி, எடை, கழற்றிய எடை. மாதக் கடைசியில் அட்டைகளைக் கூட்டினால் நைட்ரஸ் கணக்கு தானாக வந்துவிடும். கேஸ் முடிந்து வால்வை மூடியதும் ஃப்ளோமீட்டரைத் திறந்து லைனில் நிற்பதை வெளியேற்றி, கேஜ் பூஜ்யத்துக்கு வருவதைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து முள் மறுபடி எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாக மூடவில்லை.

நிர்வாகம்_திண்டுக்கல்:

பிளாட்ஃபார்ம் தராசு கிச்சன் ஸ்டோரில் ஒன்று இருக்கிறது, 100 கிலோ வரை. நாளை மேனிஃபோல்டு அறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதக் கணக்கை இதே இழையில் போடுகிறேன்.

கேஸ்லைன்_கோவை:

பெரிய நைட்ரஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் வாயுவும் உருளையும் சேர்த்து 100 கிலோவை நெருங்கும், சில சமயம் தாண்டும். 150 கிலோ தராசாக வாங்கிவிடுங்கள். சங்கிலியும் டிராலியும் இல்லாமல் தூக்க விடாதீர்கள்.